ஒப்பந்தமும் புள்ளியும்

அலுவலக வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் முதலில் ஆதிலட்சுமியின் முகம்தான் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் மலையும், மலை உச்சியில் கார்த்திகை மாதத்து மேகமும் தெரிந்தன. தலையைச் சாய்த்து, முந்தானையால் கண்ணாடியை ஒரு தேய்ப்புத் தேய்த்த பிறகுதான் உள்ளே ஒட்டியிருந்த தாளின் எழுத்து பிடிபட்டது. தீபத் திருவிழா பாதுகாப்புப் பணிக்கு வெளியூர்களிலிருந்து வரும் காவலர்களுக்கு உணவுப் பொட்டலம் வழங்கும் ஒப்பந்தம் திரு. சகாதேவன் அவர்களுக்கு அளிக்கப்படுகிறது என்று போட்டிருந்தது. 'திரு'வும் போட்டு 'அவர்களுக்கு'ம் போட்டிருந்ததை அவள் இன்னொரு தடவை படித்தாள்.

"இன்னாக்கா, வந்துச்சா?" என்று பின்னாலிருந்து தனம் கேட்டாள்.

"வந்துச்சு. அவருக்கு வந்துச்சு."

"எவருக்கு?"

"இன்னும் எவருக்கு? பின்பக்கக் கதவுக்காரருக்குத்தான்."

பின்பக்கக் கதவு என்றால் அந்த இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான். டவுனில் கல்யாண மண்டபங்களுக்குச் சமைத்துப் போடும் சகாதேவனிடம் ஆதிலட்சுமி வருஷக்கணக்காக அடுப்படியில் வேலை பார்த்தவள். சாம்பாரும் வத்தக்குழம்பும் அவள் கைப்பக்குவம், பந்தியில் கும்பிடு வாங்குவது அவர். ஒரு நாள் அவள் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தனத்தையும் ராஜம்மாளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்து மெஸ் போட்டாள். அப்போது சகாதேவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே, "போய்ட்டு வா ஆதி. முன்பக்கம் போறவங்க திரும்பி வர்றதுக்குன்னு நம்ம பின்பக்கக் கதவு எப்பவும் தெறந்துதான் கெடக்கும்" என்றார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் வரும், மெஸ் நிறையும். மற்ற நாளில் ஈ வரும். கொட்டகைக்காரர் வாடகை பாக்கிக்குத் தீபம் வரைதான் தவணை கொடுத்திருந்தார். இந்தப் பொட்டல வேலை கிடைத்தால் கொட்டகை நிற்கும். இல்லையென்றால் தீபம் முடிந்த மறுநாள் மூன்று பேரும் போய் அந்தப் பின்பக்கக் கதவில் தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டும். அந்தக் கதவு உயரம் வேறு கம்மி.

"சரி, வா போலாம்" என்றாள் தனம், பெருமூச்சு விட்டு.

ஆதிலட்சுமி நகரவில்லை. டெண்டர் உறைகளைப் பிரித்த அன்றைக்கு அவள் இந்த அலுவலகத்து அறையில்தான் இருந்தாள். தன்னுடையதையும் சேர்த்து மேசையில் கிடந்த மூன்று உறைகளையும் கண்ணாலேயே அளந்திருந்தாள். சகாதேவனுடைய உறையில் அரக்கு இல்லை. பிறந்தநாள் பரிசு மாதிரி பளபளவென்று செல்லோ டேப் ஒட்டி, இரண்டு ஸ்டேப்ளர் பின் குத்தியிருந்தது. நிபந்தனைத் தாளிலோ ஏழாவது வரியில், கறுப்பு மையில், 'அரக்கு வைத்து முத்திரையிடப்படாத உறைகள் நிராகரிக்கப்படும்' என்று தெளிவாக இருந்தது.

அந்த நிபந்தனைத் தாளைக் கொட்டகையில் வைத்துப் படித்த கதையைச் சொல்லாமல் போனால் உங்களுக்கு இவர்கள் பட்ட பாடு விளங்காது. 'இரு உறை முறை' என்று முதல் வரியிலேயே இருந்தது. தனம் மாவு கரைத்த கையோடு வந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு உறையா? தயிர் சாதத்துக்கு ஒரு உறை ஊத்துனாலே போதுமே, ரெண்டு ஊத்துனா புளிச்சிடுமே" என்றாள். அது மோர் உறை இல்லை, காகித உறை என்று புரியவைக்கவே ஒரு ஈடு இட்லி வெந்துவிட்டது. பிறகு அரக்கு. கடையில் சிவப்பாக ஒரு குச்சி கொடுத்தார்கள். அதை எப்படி உருக்குவது என்று தெரியாமல், கடுகு தாளிக்கும் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினாள் ஆதிலட்சுமி. உருகத்தான் செய்தது. கட்டைவிரலில் ஒரு சொட்டு விழுந்து கொப்புளமும் போட்டது. கரண்டி மட்டும் அதன் பிறகு எந்தச் சட்னிக்கும் உதவவில்லை. முத்திரைக்கு எங்கே போவது? மெஸ்ஸுக்கு ரப்பர் ஸ்டாம்பே கிடையாது. ராஜம்மாள்தான் முறுக்குப் பிடியிலிருந்து முள்ளு முறுக்கு வில்லையைக் கழற்றி, கழுவித் துடைத்து நீட்டினாள். சூடான அரக்கில் அதை வைத்து அழுத்த, நடுவில் அழகாக ஒரு நட்சத்திரம் எழும்பி நின்றது.

இத்தனை பாடுபட்டு வைத்த நட்சத்திரம் தோற்று, ஒட்டுநாடா ஜெயிப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

எதிர்க் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கும் அம்மாவிடம் போய் மேல்முறையீட்டு மனு எழுதச் சொன்னார்கள். ஆதிலட்சுமி சொல்லச் சொல்ல, நடுநடுவே தனமும் சொன்னாள்.

"அந்தாளு சாம்பார்ல பருப்ப கண்ணாலகூட காட்ட மாட்டாருன்னு போடுங்கம்மா."

"அது நிபந்தனையில வராதுங்க" என்றார் டைப் அடிக்கும் அம்மா, திரையைப் பார்த்தபடியே.

"அப்போ பூசணிக்கா மேட்டரயாவது போடுங்க. எல்லாத்துலயும் பூசணிக்காதான். பாயசத்துலகூட."

"தனம், வாய மூடு. ஏழாம் நிபந்தனை மட்டும் போடுங்க. அரக்கு இல்ல. அவ்ளோதான்."

கடைசியில் மனு நான்கே வரியில் முடிந்தது. 'சமூகத்திற்குப் பணிவான வணக்கம்' என்று தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிந்ததில், நடுவில் அரக்கு ஒன்றுதான் இருந்தது. தனத்துக்கு அது போதவில்லை. உப்பில்லாத பண்டம் மாதிரி இருக்கிறது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள்.

விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அதிகாரி எழில் என்ற இளம்பெண், அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, பிறகு அதைத் தேடுகிற ஜாதி. பக்கத்தில் எழுத்தர் சுப்பிரமணி, இரண்டு கையையும் முன்னால் கட்டி நின்றார். ஆதிலட்சுமியும் தனமும் போனபோது சகாதேவன் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"வா ஆதி. நாஷ்டா ஆச்சா? எளச்சிட்டியே" என்றார், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவளை வரவேற்பதுபோல.

"ஆச்சுங்கண்ணே. நம்ம கைல நாமளே சமைச்சு சாப்புடுறோம், எளைக்கத்தான் செய்யும்."

தனம் மடியில் வைத்திருந்த ஒயர் கூடையிலிருந்து முறுக்குப் பிடியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். எழில் அதைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"சாட்சிங்க மேடம்" என்றாள் தனம். "எங்க முத்திரை இதான்."

எழில் உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்பைத் திறந்தார். பீரோவிலிருந்து மூன்று உறைகளும் வந்தன. முதலில் வேலூர்க்காரர் ஒருவருடைய உறை. அரக்கு என்றால் அதுதான் அரக்கு. முத்திரை என்றால் அதுதான் முத்திரை. நிபந்தனைகளில் ஒன்றுகூட மீறப்படவில்லை. ஆனால் உள்ளே விலைத்தாளை வைக்க மறந்திருந்தார். காலி. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு சகாதேவனுடையதை எடுத்தார் எழில். ஒட்டுநாடா ட்யூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது.

"ஏழாம் நிபந்தனை படிச்சீங்களா சார்?"

"படிச்சேங்க மேடம். அரக்குதான் வெக்கலாம்னு இருந்தேன். அப்புறம் நம்ம சுப்பிரமணி சார்கிட்ட கேட்டேன். ஒட்டியிருந்தா சரின்னாரு."

சுப்பிரமணி மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடாமல் இருந்தது. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார்.

"வாய்ப்பேச்சுல சொன்னது செல்லாதுங்க" என்று எழில் பேனாவை எடுத்தார். "இந்த உறையை நிராகரிக்கணும்."

தனம் ஆதிலட்சுமியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கொட்டகையின் மூன்று அடுப்பும் ஒன்றாக எரிகிற மாதிரியும், வாசலில் காக்கி வேன் வந்து நிற்கிற மாதிரியும், பொட்டலங்கள் கூடை கூடையாக ஏறுகிற மாதிரியும் ஆதிலட்சுமியின் கண்ணுக்குள் ஓடியது. அந்த ஓட்டத்தில், எழில் மூன்றாவது உறையை எடுத்ததை அவள் கவனிக்கவில்லை. எழில் அதைத் திருப்பிப் பார்த்தார். தலைமேலிருந்த கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நட்சத்திரத்தை ரசித்தார். பிறகு முன்பக்கம் திருப்பினார்.

உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில், 'பெறுநர்' என்பதற்கு மேலே, வட்டமாகக் குங்குமம்.

"ஒன்பதாம் நிபந்தனை" என்று எழில் மெதுவாகப் படித்தார். "உறையின் மேல் வேலையின் பெயரும் முகவரியும் தவிர வேறு எந்தக் குறியும் இருக்கக் கூடாது. இருந்தால் நிராகரிக்கப்படும்."

"அடடா" என்றார் சகாதேவன், நிஜமாகவே வருத்தப்படுகிற குரலில். "சீமந்தப் பத்திரிகை மாதிரி அனுப்பியிருக்கா பாருங்க மேடம்."

மஞ்சள் வைத்தது ஆதிலட்சுமிக்கு நினைவில்லாமல் இல்லை. அது ஒரு குறி என்றுதான் தோன்றவில்லை. புதுப் புடவையில் வைப்போம், புது அடுப்பில் வைப்போம், கல்யாணப் பத்திரிகையில் வைப்போம். வைக்காமல் அனுப்பினால் அது துக்கக் கடிதம் அல்லவா?

சுப்பிரமணிக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. ஒட்டுநாடா பழியிலிருந்து தப்பிக்க ஒரு சந்து கிடைத்த வேகம் அதில் இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். அது அவங்க வெச்சதா இருக்காது. நம்ம டெண்டர் பெட்டிக்கு ஆயுத பூஜை அன்னிக்கு நாமதான் சந்தனம் குங்குமம் ஜாஸ்தியா அப்பினோம். வாய்ல எல்லாம் பூசியிருக்கு. உள்ள போடறப்போ ஒட்டியிருக்கும். கறைங்க மேடம். குறி இல்ல."

எழில் யோசித்தார். மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மூன்று பட்டை விபூதியும் நெற்றிப் பொட்டுமாக அது குடும்பப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவருக்கும் இந்தப் பெண்களின் மேல் ஒரு இரக்கம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்களே சொல்லுங்கம்மா. இது கறையா, குறியா?"

ஒரே ஒரு சொல். கறை என்றால் கொட்டகை நிற்கும். நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்தால் தானாக விழும். ஆனால் மஞ்சள் வைத்த அன்று ராத்திரி மூன்று பேரும் அந்த உறையைச் சுற்றி நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. தொட்டிலில் போட்ட பிள்ளையைச் சுற்றி நிற்பது போல நின்றார்கள். ராஜம்மாள் கண்ணை மூடி அண்ணாமலையாரைக் கூப்பிட்டாள். அந்த மஞ்சளைப் போய் அழுக்கு என்று எப்படிச் சொல்வது? அதுவும் தீப மாசத்தில், மலையைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு? பொய் சொன்னால் தப்பில்லை. எத்தனை மண்டபத்தில் 'இப்போதான் இறக்குனோம்' என்று நேற்றைய ரசத்தைப் பரிமாறியிருக்கிறாள். ஆனால் மஞ்சளைக் கறை என்று சொல்லி ஆரம்பிக்கிற அடுப்பு பற்றுமா? பற்றினாலும் புகையும்.

"க..." என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "க..."

சகாதேவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். சுப்பிரமணி அவளுக்காகத் தானே வாயசைத்தார்.

பொறுக்க முடியாமல் தனம் எழுந்துவிட்டாள்.

"இன்னாங்க மேடம் கறை? நாந்தான் வெச்சேன், இந்தக் கையால. உங்க பேப்பர்லயே இன்னா போட்டிருக்கு? ஒப்பந்தப்புள்ளி! பெரிய எழுத்துல ஒப்பந்தப்புள்ளின்னு போட்டுட்டு, புள்ளி வெக்கக் கூடாதுன்னா இன்னா நாயம்? எத்தினி புள்ளின்னு போடல. அதனால மூலைக்கி ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அஞ்சு வெச்சோம். கம்மியா வெச்சா தள்ளிடப் போறாங்களேன்னு!"

எழில் கோப்பை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது. சுப்பிரமணி தன் வாழ்நாளில் லட்சம் தடவை எழுதிய அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்ப்பவர் போல வாய்க்குள் உச்சரித்துப் பார்த்தார். சகாதேவன்கூடச் சிரித்துவிட்டார், சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முறைத்தார். ஆதிலட்சுமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க மேடம். கறை இல்லீங்க. வெச்சதுதான்" என்றாள்.

கோப்பு கீழே இறங்கியபோது எழிலின் கண் ஈரமாக இருந்தது. குரலை மட்டும் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணு அரக்கு இல்ல. ஒண்ணு குறி. ஒண்ணு காலி. மூணும் தள்ளுபடி. காவலருங்க வர்ற நாள் கிட்ட வந்துடுச்சு, மறுபடி பேப்பர்ல விளம்பரம் போட்டுக் காத்திருக்க முடியாது. அவசரத்துக்கு ஒரு விதி இருக்கு. இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள புது உறை, புது விலை. வேலூர்க்காரருக்கு நான் போன் பண்றேன். அரக்கு இருக்கணும். பொட்டு இருக்கக் கூடாது." பெட்டியைப் பார்த்து, "சுப்பிரமணி சார், முதல்ல அதுக்கு மூஞ்சி கழுவி விடுங்க" என்றார்.

வெளியே தூறல். படியிறங்கும்போது சகாதேவன் குடையை விரித்தபடி, "உன் பழைய விலை எனக்குத் தெரிஞ்சு போச்சே ஆதி" என்றார்.

"உங்களுது எனக்குந்தாண்ணே தெரியும்."

"ஒன்னால அதுக்குக் கீழ எறங்க முடியாது."

"பூசணிக்கா போட்டா எறங்கலாம்" என்றாள் தனம்.

அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். இவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வழியெல்லாம் தனம் அழுதாள். "நான் வாய மூடிக்கினு இருந்திருக்கணும்க்கா. ஜெயிச்சத தொலச்சிட்டேன்" என்றாள். ஆதிலட்சுமி, "நீ சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன்டீ" என்றாள். உண்மையில் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தச் சொல் இன்னும் அடிநாக்கில் எங்கேயோ கசந்துகொண்டுதான் இருந்தது.

தேரடி வீதிப் பக்கம் முதல் ஸ்டேஷனரி கடையில் அரக்கு இல்லை. இரண்டாவது கடையில் 'அரக்குன்னா?' என்று கேட்டார்கள். சந்துக்குள் இருந்த பழைய கடையில், மூக்குப்பொடி நிறச் சட்டை போட்ட கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி, ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். ஒரு குச்சி விழுந்தது.

"இப்போல்லாம் யாரும்மா இத்த வாங்குறா? எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு. டவுனுக்கே இதான் கடைசி."

அங்கேயே கல்லா மேசையில் நின்று, முந்தானையால் மறைத்துக்கொண்டு விலை எழுதினாள். பழைய விலையை எழுதி, அடிக்காமல் யோசித்து, வேறு தாளில் வேறு விலை எழுதினாள். பருப்பில் கை வைக்காமல் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கினாள். மடித்து உறைக்குள் வைத்தாள். தனம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கே அவள் விரலின் மேல் நம்பிக்கை இல்லை. கடைக்காரர் கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவத்தியை ஏற்றிக் கொடுத்தார்.

அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டியபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சகாதேவன். விபூதி மழையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. சட்டைப் பையில் உறை நீட்டிக்கொண்டிருந்தது.

"அரக்கு இருக்குங்களா? ஏழு கடை பாத்துட்டேன்."

கடைக்காரர் தாடையால் ஆதிலட்சுமியைக் காட்டினார்.

தகரக் கூரையில் மழை சடசடத்தது. சகாதேவன் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வந்தார். அந்தக் கடையின் நிலைவாசல் தாழ்வு. குனிந்துதான் வர வேண்டியிருந்தது.

"ஆதி" என்றார். கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "ஒரு துண்டு... மிச்சம் மீதி ஏதாவது..."

"முத்திரைக்கு எவ்ளோ அரக்கு வேணும்னு நிபந்தனையில போட்டிருக்கா அண்ணே?" என்று கேட்டாள் அவள், உறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போடல."

"ஆமா. போடல."

தனம் கூடையிலிருந்து முறுக்கு வில்லையைக் கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. முதல் சொட்டு உறையின் மடிப்பில் விழுந்து பரவியது. இரண்டாவது அதன் மேலேயே விழுந்தது. ஒரு காலணா அகலம் இருந்தால் போதும், நட்சத்திரம் நன்றாகவே எழும்பும். ஆதிலட்சுமி குச்சியை எடுக்கவும் இல்லை, நெருக்கவும் இல்லை. பதம் பார்க்கிற பாகு போல அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பாகச் சொட்டு நீண்டு, தயங்கி, அறுந்து விழுந்தது. சகாதேவன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, அவள் விரலுக்கும் சுடருக்கும் நடுவே குச்சி இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.